கப்பல் டிக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், ஊர் மார்த்தாண்டம் பக்கம். மகளும் மருமகனும் இங்கிலாந்தில் லீட்ஸில் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். நம்மூர் தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே மாதம் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது போக முடியாத குறை என் மனைவிக்கு இன்னும் இருக்கிறது. மகளுடைய காரிலேயே போர்ட்ஸ்மவுத்திலிருந்து கப்பலில் ஸ்பெயினின் சாந்தாந்தேர், பிறகு போர்ச்சுகலின் பாத்திமா, பிரான்சின் லூர்து, ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து இன்னொரு கப்பலில் ரோம் பக்கம் உள்ள சிவிடவெக்கியா, திரும்பும்போது பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவர் என்று திட்டம். கப்பல் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும், இன்றைக்கே பணம் கட்டுங்கள் என்கிறார் இங்குள்ள ஏஜெண்ட். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், இன்றைக்கு வேண்டாம். விலை ஏறும் என்று அவர் சொல்வதில் பொய் இல்லை, கோடை விடுமுறையில் இந்தத் தடங்களில் விலை நன்றாகவே ஏறும். ஆனால் உங்கள் கையில் விசா இல்லாதபோது மலிவான டிக்கெட் என்பது பெரும்பாலும் பணம் திரும்பாத டிக்கெட், அதைத்தான் அவர் விற்கப் பார்க்கிறார்.

முதலில் விசா. உங்கள் இரண்டு பேருக்கும் பிரிட்டன் விசா தனி, ஷெங்கன் விசா (ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தனி. அங்கே போய் ஷெங்கன் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் போனவர் பொதுவாகத் தான் வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், அதாவது இங்கிருந்து. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. உங்கள் திட்டப்படி அது ஸ்பெயினாகலாம், இத்தாலியாகலாம், நாட்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். மகளும் மருமகனும் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஷெங்கன் உண்டு, அவர்கள் பிரிட்டனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் காட்டப் பயணத் திட்டம் தேவைப்படும் என்பது உண்மைதான், அதற்கு ரத்து செய்தால் பணம் திரும்பும் முன்பதிவு போதும், கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அடுத்தது கார் இன்சூரன்ஸ். பிரிட்டன் பாலிசி ஐரோப்பாவில் செல்லும் என்று எல்லோரும் சொல்வார்கள், செல்லும், ஆனால் பல பாலிசிகளில் அது எதிராளிக்கான குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டுமே. உங்கள் காருக்கு அடிபட்டால் யார் தருவார்கள், எத்தனை நாள் வரை செல்லும், வழியில் நின்றுபோனால் தூக்கி வர வண்டி வருமா, கப்பலுக்குள் கீறல் விழுந்தால் உண்டா, இந்த நான்கையும் மகள் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். வாடகைக் கார் என்றால் இன்னும் மோசம், எழுத்தில் அனுமதி இல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. நீங்கள் சொந்தக் கார், தப்பித்தீர்கள்.

நீங்களும் ஓட்ட ஆசைப்படுவீர்கள், தெரியும். மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய்க்கு ஒரு வருடச் சர்வதேச உரிமம் எடுத்துவிடலாம், ஆனால் உங்கள் பெயரைப் பாலிசியில் சேர்த்தால் பிரீமியம் எகிறும், அதற்கு நான் செலவழிக்க மாட்டேன். ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம் சாலையில் வலது பக்கம் ஓட வேண்டும், பிரிட்டன் காரின் ஸ்டியரிங்கோ வலது பக்கத்தில், லாரியை முந்தும்போது எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது, இடது சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அங்கே உட்கார்ந்து ‘வரலாம்’ சொல்லுங்கள். முப்பது வருடம் கண்டக்டர் விசிலுக்கு ஓட்டியவருக்கு இப்போது விசில் கையில் வருகிறது.

இனி கப்பல். போர்ட்ஸ்மவுத்–சாந்தாந்தேர் ஏறக்குறைய 30 மணி நேரம், பார்சிலோனா–சிவிடவெக்கியா ஏறக்குறைய 20. விலையைப் பார்த்துப் பயந்து டோவர்–கலே மட்டும் போதும் என்று நினைத்தால், அது ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் கலேயிலிருந்து லூர்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல், சுங்கம், வழியில் ஒரு இரவு விடுதி, இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்கள் மனைவிக்கு விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் தலை சுற்றுமா? சுற்றும் என்றால் சாந்தாந்தேர் கப்பல் கடக்கும் பிஸ்கே விரிகுடா வேண்டாம், சாலையே மேல்.

டிக்கெட் வாங்கும்போது காரின் உயரத்தைக் கூரை மேல் வைக்கும் சாமான் பெட்டியோடு (டாப் பாக்ஸ்) சேர்த்து அளந்து சொல்லுங்கள், குறைத்துச் சொன்னால் துறைமுகத்தில் கூடுதல் பணம் கேட்பார்கள். கப்பல் ஓடும்போது கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், மாத்திரை, ஸ்வெட்டர், பாஸ்போர்ட் எல்லாம் மேலே எடுத்துப் போக வேண்டும். அப்புறம் சாப்பாடு: பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது, நெய் டப்பாவை லீட்ஸிலேயே வைத்துவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, குளச்சல் நெத்திலிக் கருவாடு சட்டப்படி போகலாம், கேபினில் பக்கத்தில் படுப்பவர்தான் என்ன சொல்வாரோ.

கடல் சீற்றம், படகு நிறுத்தம் என்பது குமரிக்காரர்களுக்குப் புதிதல்ல, அங்கேயும் அதேதான். நிறுவனம் ரத்து செய்தால் மாற்றுக் கப்பலோ பணமோ எது வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். நான்கு மணி நேரம் வரையிலான பயணத்தில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம் நஷ்ட ஈடு கேட்கலாம், நீண்ட பயணங்களுக்கு இந்தத் தாமத நேர வரம்பு கூடும். மோசமான வானிலையால் என்றால் நஷ்ட ஈடு கிடையாது. அதனால் ஒவ்வொரு கப்பலுக்குப் பிறகும் ஒரு நாள் காலியாக விடுங்கள்.

ஏஜெண்ட் மூலம்தான் வாங்குவது என்றால் ரத்து விதிகளோடு பில் வாங்குங்கள். பிரச்சினை வந்தால் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் வழக்குப் போடலாம், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் ஜி-பே மட்டும் காட்டி வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலில் என் புல்லட்டை ஏற்றி யாழ்ப்பாணம் சுற்ற முடியுமா? (தக்கலை வாசகர்)

பதில்: முடியாது தம்பி. 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை ஆட்களுக்கு மட்டும்தான். அங்கே போய் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுங்கள், அவர்களும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் நம்மூர் லைசென்ஸ் மட்டும் போதாது, அங்கே செல்லும் அனுமதியை வாங்கிய பிறகு சாவியைத் தொடுங்கள்.