தேக்கு ஏன் பருக்கவில்லை?

கேள்வி: 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஆயிரம் தேக்கு நட்டு 6 வருஷம் ஆகிறது. நெடுநெடுவென வளர்ந்தும் அடிமரம் பருக்கவில்லை. உரம் போடலாமா? – வாசகர், தென்காசி

பதில்: உரம் இதைத் தீர்க்காது, மரங்களைக் கலைத்துவிட வேண்டும்; அதாவது, நெருக்கம் குறைய இடையிடையே வெட்டி எடுக்க வேண்டும். தேக்குக்கு வெயில் நிறைய வேண்டும். கிளைகள் ஒன்றோடொன்று முட்டியதும் கீழ்க்கிளைகள் காய்ந்து, உச்சியில் மட்டும் இலை மிஞ்சும். அந்தக் கொஞ்ச இலை அடிமரத்தைப் பருக்கவைக்கப் போதாது.

மூலைவாட்டில் வரிசை பிடித்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை எடுங்கள். பாதி மரம் போய், இடைவெளி சுமார் 2.8 மீட்டராகும். வெட்டவேண்டிய இடத்தில் நேரான மரமும் பக்கத்தில் கோணலும் இருந்தால், கோணலை வெட்டுங்கள். மரங்கள் மெலிந்து காற்றில் வளைந்தாடினால் ஒரே தடவையில் பாதியை எடுக்காதீர்கள். இரண்டு வருஷத்தில் பிரித்து எடுங்கள். திடீரெனத் திறந்துவிட்டால் காற்றில் சாயும், தண்டெல்லாம் பக்கத்துளிர் கிளம்பும். அதைப் பிஞ்சிலேயே கிள்ளாவிட்டால் பலகையில் கணுவாகிவிடும். வெட்டிய கட்டையும் துளிர்க்கும். தரையோடு அறுத்து, துளிரை ஒடித்துக்கொண்டே இருங்கள்.

அடுத்த கலைப்பை அளந்துதான் முடிவுசெய்ய வேண்டும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் பெயின்ட் கோடு போட்டு, ஆண்டுதோறும் அதே மாதத்தில் டேப்பால் சுற்றளவு எடுங்கள். பருக்கும் வேகம் மறுபடி குறைந்தால் அடுத்த கலைப்புக்கு நேரம் வந்துவிட்டது. சரிவு நிலமென்றால் மேட்டுப்பக்கம் நின்று அளக்கவும். வெட்டுமுன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி விதிகளைக் கேளுங்கள்.