பீஷான் ஆற்றோரம் நாய்களுடன் குழு நடை: கேட்டதும் சொன்னதும்

ஞாயிறு காலை சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில், கல்லாங் ஆற்றோரமாக நாய்களோடு சேர்ந்து நடக்கலாம் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் சில.

அக்கா, வேறு நாயைக் கண்டாலே என் நாய் குரைத்துத் தள்ளும். கூட்டி வரலாமா?

தாராளமாக. ஆனால் நேரே கூட்டத்துக்குள் நுழையாதீர்கள். எதிரெதிரே வந்து முகம் பார்ப்பதில்தான் வம்பே தொடங்குகிறது. சாதுவான நாய் ஒன்று நடைபாதையில் போகட்டும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, புல்வெளியில் உங்கள் நாய். இரண்டும் ஒரே திசையில் நடக்க வேண்டும். வாயை மூடி, உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் பார்க்கிறதா? அடுத்தது குரைப்புதான், இன்னும் விலகுங்கள். தரையை முகர்ந்து, நடுவே உங்களையும் திரும்பிப் பார்க்கிறதென்றால் கொஞ்சம் நெருங்கலாம். கயிறு தொய்வாகவே இருக்கட்டும். முதல் நாளே மூக்கோடு மூக்கு வைத்துப் பழக வேண்டும் என்று யார் சொன்னது? சேர்ந்து நடந்தால் போதும். சில நாய்களுக்குக் கடைசிவரை அவ்வளவுதான் பிடிக்கும்.

கொஞ்ச நேரம் கயிற்றை அவிழ்த்துவிடலாமா?

நாய்களுக்கென்று வேலி போட்ட திடலில் மட்டும். ஆற்றோரத்தில் கூடாது, சட்டப்படியும் தவறு. இழுக்க இழுக்க நீளும் கயிற்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நாலு நாய் சேர்ந்தால் அது கால்களைச் சுற்றிக்கொள்ளும், சைக்கிள்காரர் விழுவார்.

நீர்நாய்கள் வந்தால்?

நின்று படம் பிடிக்க ஆசை வரும். நாயோடு இருக்கும்போது வேண்டாம். குட்டிகளோடு வரும் நீர்நாய்க் குடும்பம் நாயை எதிரியாகத்தான் பார்க்கும், கடித்தால் காயம் ஆழமாக இருக்கும். கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். உடும்பைக் கண்டாலும் இதேதான்.

ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டலாமா?

வேண்டாம். முன்பு கான்கிரீட் கால்வாயாக இருந்ததை 2012இல் புல் கரையும் பாறையுமாக இயற்கை ஆறுபோல மாற்றினார்கள். பார்க்கச் சாதுவாக இருக்கும். மழை பெய்தால் சட்டென்று நீர் ஏறிவிடும். எச்சரிக்கை விளக்கு மின்னினாலோ சங்கு ஊதினாலோ உடனே மேட்டுக்கு வந்துவிடுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மலாய்க் குடும்பங்களும் அங்கே நடக்க வருவார்களே?

நல்ல கேள்வி. நாயின் எச்சில் பட்டால் பல முஸ்லிம்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். யார் எதிரே வந்தாலும் நாயை உங்கள் மறுபக்கம் மாற்றி, ஓரமாக நின்று வழிவிடுங்கள். "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே நெருங்கவிடுவது எனக்கு அறவே பிடிக்காது.

எத்தனை மணிக்கு?

ஏழு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு நம்மூர்ப் புழுக்கம் ஆகாது. பாதியிலேயே திரும்பினாலும் தப்பில்லை. தண்ணீர் கொண்டு வாருங்கள், மலம் அள்ளும் பையும்.

மூன்று மாதக் குட்டி?

தடுப்பூசித் தொடர் முடியும்வரை தரையில் விட வேண்டாம். பையில் வைத்துத் தூக்கி வாருங்கள், வேடிக்கை பார்க்கட்டும்.

ராட்வைலர்?

வாய்க்கூடு போட்டுத்தான் கூட்டி வர வேண்டும். அது சட்டம், என் கட்டளை இல்லை.