குறைந்த செலவில் ரோபோ செய்ய எந்த மோட்டார், எந்த டிரைவர் வாங்கலாம்?

நீங்கள் டிப்ளமோவோ பி.இ.யோ படித்துக்கொண்டு, கைக்காசைப் போட்டுச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சின்ன ரோபோ வண்டி என்றால் மஞ்சள் பிஓ மோட்டார் (பிளாஸ்டிக் கியர் வைத்த சின்ன மோட்டார்) இரண்டும் டிபி6612 டிரைவர் (மோட்டாரின் திசையையும் வேகத்தையும் மாற்றும் சின்ன போர்டு) ஒன்றும் போதும். கடையில் பெரும்பாலும் எல்298என் என்ற வேறொரு டிரைவரை எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு ஆம்பியர் ஓடினாலே அது சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 6 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 4 தான். 12 வோல்ட் மோட்டாருக்கு அதே எல்298என் நன்றாக உழைக்கும், அதனால் மட்டம் என்று சொல்ல மாட்டேன்.

நான் செய்தது சுமை தூக்கும் வண்டி. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் (கண்ணாடி துடைக்கும் மோட்டார்) இரண்டு வாங்கினேன். கியர் உள்ளேயே இருக்கும், இழுவை அபாரம். திசை மாற்ற டிரைவருக்குப் பதில் நாலு சேனல் ரிலே போர்டு (மின்சாரத்தால் இயங்கும் நாலு சுவிட்ச்), கூடவே 12 வோல்ட் யுபிஎஸ் பேட்டரி. ரிலேயில் வேகம் குறைக்க முடியாது என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும். வண்டிக்குப் போகவும் திரும்பவும் தெரிந்தால் எனக்குப் போதும், பணமும் அவ்வளவுதான் இருந்தது.

இரண்டு மோட்டாரையும் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கினேன். நேராக அழகாகப் போனது. நின்ற இடத்திலேயே திரும்ப ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் ஓட விட்டேன். ஒரே நொடியில் புகை. ஒயர் தோல் உருகி, ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. பேட்டரி கிளிப்பைப் பிடுங்கும்போது விரலும் சுட்டது.

காரணம் மறுநாள்தான் புரிந்தது. வைப்பர் மோட்டார் பலவற்றில் நெகட்டிவுக்குத் தனி ஒயர் கிடையாது, பாடிதான் நெகட்டிவ். திசையை மாற்றினால் அந்தப் பாடிக்கு 12 வோல்ட் வந்துவிடும். பக்கத்து மோட்டாரின் பாடி இன்னும் நெகட்டிவில் இருக்கிறது. நடுவில் இரும்புச் சட்டம். பேட்டரியின் இரண்டு முனையையும் ஸ்பேனரால் தொட்ட மாதிரிதான்.

பாடியிலும் ஒயரிலும் மல்டிமீட்டரை வைத்திருந்தால் பீப் சத்தமே சொல்லியிருக்கும். ஆனால் எங்கள் கல்லூரி லேபில் மல்டிமீட்டர்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு மட்டும் வெளியே வரும். ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போடவில்லை என்று திருப்பி எழுதச் சொன்னார்கள். ஒரு மோட்டாரைத் தொட்டுப் பார்க்க விட்டதில்லை. பையன்கள் ரெடிமேட் புராஜெக்ட் வாங்குகிறார்கள் என்று திட்டுபவர்கள் அந்தப் பீரோவையும் கேட்க வேண்டும். பல வருடம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

சரி, பிறகு ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனி பிளைவுட் துண்டில் பொருத்தி, அதைச் சட்டத்தில் ஏற்றினேன். மோட்டார் போல்ட் எதுவும் இரும்பைத் தொடாது. பேட்டரி பாசிட்டிவில் கார் ஃபியூஸ் ஒன்றும் போட்டேன். அதற்கப்புறம் அதே மோட்டார்கள் புது ரிலே போர்டில் இரண்டு வருடம் ஓடின. நீங்கள் முதலில் ஃபியூஸை வாங்குங்கள், மோட்டாரை அப்புறம் பார்க்கலாம்.