எம்5 எடுப்பதா, 340 எடுப்பதா: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரெடிங்குக்கு வந்து எட்டு மாதம். கையில் இந்திய லைசென்ஸ். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். காருக்கென்று ஒதுக்கியது 15,000 பவுண்டு. அந்தப் பணத்துக்குள் இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன: 2006-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ எம்5, அதாவது இ60 மாடல், 92,000 மைல் ஓடியது. இன்னொன்று அதே கம்பெனியின் 2016-ஆம் ஆண்டு த்ரீ சீரிஸ் '340 ஐ', 68,000 மைல். இரண்டும் நான்கு கதவு செடான், இரண்டும் வேகம். எது?

எம்5 இப்போது வேண்டாம். 340 எடுக்கலாம், ஆனால் இங்கிலாந்து லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு. அப்போதும் வண்டிக்கு 12,500-க்கு மேல் போகாதீர்கள். மைல் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. மீதி 2,500 முதல் வருடத்துச் செலவுக்கு. அது செலவாகாமல் மிஞ்சும் என்று நினைக்க வேண்டாம்.

ஏன் லைசென்ஸை முதலில் இழுக்கிறேன் என்றால், வண்டியைவிட அவசரமான கணக்கு அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம். இந்திய லைசென்ஸை அப்படியே மாற்றித் தரமாட்டார்கள் (சிங்கப்பூரில் எடுத்த லைசென்ஸ் என்றால் மாற்றலாம்). பழகுநருக்கான புரொவிஷனல் லைசென்ஸுக்கு இணையத்தில் 34 பவுண்டு, தியரி தேர்வுக்கு 23, வார நாளில் ஓட்டுநர் தேர்வுக்கு 62. பணம் பெரிதல்ல, ஓட்டுநர் தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இன்றே தொடங்குங்கள். 12 மாதம் தாண்டி இந்திய லைசென்ஸில் ஓட்டினால் இன்ஷூரன்ஸ் நிற்காது, போலீஸ் வண்டியை எடுத்துப் போகலாம். தேர்வை ஆட்டோமேட்டிக் வண்டியில் கொடுத்தால் கிடைப்பது ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும்தான். 340-இல் கைக்கியர் வண்டிகளும் உண்டு, அவற்றைத் தொட முடியாது.

வேகமான கார் வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சட்டம் இருக்கிறது. இங்கே முதல் தேர்வு தேறிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஓட்டும் தவறுகளுக்காகப் போடும் பாயிண்ட் 6 சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. புரொவிஷனலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஊரில் பதினைந்து வருடம் ஓட்டியிருந்தாலும் இதே விதிதான். வேகத்துக்குப் பிடிபட்டால் ஒருமுறைக்குக் குறைந்தது 3 பாயிண்ட். கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் ஒரேயடியாக 6. இவ்வளவு சக்தியுள்ள வண்டியில் 30 மைல் தெருவில் 40-ஐத் தொடுவது காலுக்கே தெரியாமல் நடக்கும்.

இன்ஷூரன்ஸ் விலையைப் பார்க்காமல் எந்த வண்டியையும் பார்க்கப் போகாதீர்கள். ஒப்பீட்டுத் தளங்களில் அந்த வண்டியின் பதிவு எண்ணையே போட்டு, உங்கள் முகவரி, உங்கள் லைசென்ஸ் வகை, உண்மையான ஆண்டு மைல் ஆகியவற்றைக் கொடுத்துக் கேளுங்கள். வெளிநாட்டு லைசென்ஸுக்கு ஒரு தடவை, இங்கிலாந்து லைசென்ஸ் வந்துவிட்டால் என்ன என்று இன்னொரு தடவை கேட்டால் வித்தியாசம் தெரியும். ஊரில் சேர்த்த நோ கிளைம் போனஸைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை. எம்5-க்குச் சில கம்பெனிகள் உங்கள் நிலையில் இருப்பவருக்கு விலையே சொல்லாது. தொகையைக் குறைக்க மனைவியை முதன்மை ஓட்டுநராகக் காட்டி நீங்கள் தினமும் ஓட்டுவது மோசடி; விபத்து நடந்தால் ஒரு பைசா வராது.

இனி எம்5. அந்த வண்டியை மட்டமாகப் பேசவில்லை. 4,999 சி.சி., பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன், 8,250 ஆர்.பி.எம். வரை சுற்றும் இன்ஜினை ஐந்து பேர் உட்காரும் செடானில் வைத்தார்கள். இனி யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை. ஆனால் விலை இறங்கிய அளவுக்கு அதன் பராமரிப்புச் செலவு இறங்கவில்லை. புதிதாக அறுபதாயிரம் பவுண்டுக்கு மேல் விற்ற வண்டியின் உதிரிபாகங்களைத்தான் நீங்கள் வாங்கப் போகிறீர்கள்.

முதல் கவலை ராடு பேரிங். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு, இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்தில் மெல்லிய உலோக அரைவட்டங்கள் இருக்கும், ராடுக்கு இரண்டாக மொத்தம் இருபது. கிராங்குக்கும் இவற்றுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி குறைவு. ஊற்ற வேண்டிய ஆயிலோ கெட்டியான 10டபிள்யூ-60. இன்ஜின் சூடாகும் முன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த இடுக்கில் ஆயில் படலம் சரியாக நிற்காது, பேரிங் தேயும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும்போது கிராங்கும் கீறியிருக்கும். சத்தம் வரும் முன்பே பேரிங்கை மட்டும் மாற்ற, இந்த இன்ஜினை அறிந்த பட்டறையில் இரண்டாயிரம் பவுண்டு பக்கம் ஆகும். கிராங்க் போன பிறகு இன்ஜினைப் பிரித்துக் கட்டினால், வண்டிக்குக் கொடுத்த தொகையையே அது தொட்டுவிடும்.

"பேரிங் மாற்றியாயிற்று" என்று விற்பவர் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பில் வேண்டும். அதில் எத்தனை மைலில் மாற்றினார்கள், ராடு போல்ட்டுகளும் புதிதா என்று பாருங்கள். அந்த போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகை, ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பழையதையே போட்டு இறுக்கியிருந்தால் அந்த வேலை வேலையே அல்ல. ஆயில் மாதிரியை லேபுக்கு அனுப்பி ஈயம், செம்பு எவ்வளவு என்று பார்க்கும் வழியும் உண்டு. விற்பதற்கு முந்தைய வாரம் ஆயில் மாற்றிய வண்டியில் அந்தச் சோதனை எதையும் காட்டாது.

பேரிங்கோடு முடியவில்லை. வால்வு நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்பு மிக உயர்ந்த ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. பம்பும் அதன் குழாயும் பழுதாகும். இன்ஜினின் இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்றாக இருக்கும், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஆக்சுவேட்டர்கள் தேய்ந்தால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு நகரும்; ஒன்று போனால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஏழு கியர் எஸ்.எம்.ஜி. கியர்பாக்ஸில் கிளட்ச் பெடல் இல்லை என்பதால் நெரிசலிலும் சரிவிலும் கிளட்சை அரைத்தே ஓட்டியிருப்பார்கள். கிளட்ச், ஃப்ளைவீல், அதை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் மூன்றும் தனித்தனிச் செலவு. பின்சக்கர டயர் 285/35 ஆர்19, நல்ல பிராண்டில் ஜோடி நானூறு பவுண்டுக்குக் குறையாது.

பெட்ரோல் கணக்கையும் போட்டுவிடுவோம். ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டினால் எம்5 கேலனுக்கு 16 மைல், 340 சுமார் 30. லிட்டர் 1.40 பவுண்டு, வருடம் 10,000 மைல் என்று வைத்தால் எம்5-க்கு 4,000 பவுண்டு, 340-க்கு 2,100.

சாலை வரியில் ஒரு நுணுக்கம். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான பழைய வண்டிகளுக்கு வரி, புகை அளவுப்படி வைத்த பிரிவுகளில் 'கே'-யைத் தாண்டாது. அந்தத் தேதியிலிருந்து பதிவானவற்றில் அதிகப் புகை விடுபவை 'எம்' பிரிவு. 2025–26 கணக்கில் 'கே' வருடத்துக்கு 430 பவுண்டு, 'எம்' 760 பவுண்டாக இருந்தது. '06' எண் பலகை உள்ள எம்5 இரண்டில் எதிலும் விழலாம்; லாக்புக் எனும் பதிவுச் சான்றில் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். 340-இல் 2017 ஏப்ரல் 1-இலிருந்து பதிவானது என்றால் (நீங்கள் பார்த்த 2016 வண்டி இதில் வராது) அதே ஆண்டில் 195 பவுண்டு. புதிதில் 40,000 பவுண்டுக்கு மேல் விலை போட்ட வண்டிகளுக்கு ஐந்து வருடம் கட்டும் கூடுதல் வரி, 2017–18 வண்டிகளுக்கு முடிந்துவிட்டது. லண்டனின் தினசரி 12.50 பவுண்டு புகைக் கட்டணம் இரண்டுக்கும் வராது.

340-க்கு வருவோம். 2015 நடுவில் வந்த பி58 இன்ஜின், மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், ஒரு டர்போ, 326 குதிரைத்திறன். குடும்பத்தோடு போகும் எந்தச் சாலையிலும் இதற்கு மேல் தேவைப்படாது. விலை குறைவாகத் தெரிகிறதே என்று அதற்கு முந்தைய 335 பக்கம் போக வேண்டாம். அதன் என்55 இன்ஜினில் எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் முன்னறிவிப்பில்லாமல் நிற்கும், டர்போ காற்று போகும் பிளாஸ்டிக் சார்ஜ் பைப் உடையும். பி58 உறுதியானது. பார்க்க வேண்டியவை: ஆயில் ஃபில்டர் ஹவுஸிங் கேஸ்கெட்டில் கசிவு, கூலன்ட் டாங்கில் மட்டம் குறைந்திருக்கிறதா, டர்போ பைப்புகளில் ஆயில் ஈரம்.

சர்வீஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர் இரண்டு வருடம் வரை ஆயில் மாற்றச் சொல்லாமல் விடும். அதை நம்பியே ஓட்டிய வண்டியைவிட, வருடத்துக்கொரு முறை 6.5 லிட்டர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பில் வைத்திருப்பவரின் வண்டிக்கு ஐந்நூறு பவுண்டு கூடக் கொடுக்கலாம். எட்டு கியர் இசட்.எஃப். பெட்டிக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். கியர்பாக்ஸ் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. 68,000 மைல் என்பது 1,09,000 கிலோமீட்டர். ஃபில்டர் கியர்பாக்ஸ் அடியிலுள்ள பிளாஸ்டிக் ஆயில் தட்டோடு சேர்ந்தது, தட்டையே மாற்ற வேண்டும். இதை உங்கள் 2,500-இல் முதல் செலவாக வையுங்கள்.

இந்த வண்டிகளில் பெரிய ஆபத்து, முந்தைய உரிமையாளர் சக்தியைக் கூட்ட ட்யூனிங் செய்து, விற்கும் முன் கழற்றிவிடுவது. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்திருப்பது, சென்சார் ஒயர்களில் பிறகு சுற்றிய டேப், கம்பெனி அல்லாத எக்ஸாஸ்ட் ஆகியவை அடையாளம். அப்படி ஒன்று மிச்சமிருந்து நீங்கள் இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாவிட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே பாதி வேலையை முடிக்கலாம். அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் எம்.ஓ.டி. எனும் வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையின் சரித்திரம் இலவசமாக வரும்: ஒவ்வொரு வருட மைல், எதில் தோற்றது, என்ன எச்சரிக்கை. ஒரே எச்சரிக்கை மூன்று வருடம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த உரிமையாளர் செலவு செய்யாதவர். அதன்பின் இருபது பவுண்டு அளவில் ஒரு முழுச் சோதனை வாங்கி, கடன் பாக்கி, திருட்டு, சேதமாகி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிட்டதற்கான 'எஸ்', 'என்' பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் போனதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட் சத்தத்தை மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். நான்கு டயரும் ஒரே தரமா, பின்னிரண்டும் உள்விளிம்பில் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விலையுயர்ந்த செடானில் பெயர் தெரியாத மலிவு டயர் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார். குழந்தை இருக்கைகளை எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பின்சீட்டின் இரு ஓரத்திலும் அவற்றை மாட்டும் ஐசோஃபிக்ஸ் பிடிப்பு உண்டு. இரண்டு இருக்கை வைத்தபின் நடுவில் பெரியவர் உட்கார இடமிருக்காது. அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள் என்றால் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

எங்கே வாங்குவது? உங்கள் நிலையில் டீலரிடம்தான், நூறு இருநூறு கூடினாலும். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் வண்டியில் கோளாறு தெரிந்தால் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் என்றால், விற்கும்போது கோளாறு இல்லை என்று நிரூபிப்பது டீலர் பொறுப்பு. தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100-லிருந்து 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் கார்டு கம்பெனி முழுத் தொகைக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

தனியாரிடமே நல்ல 340 அமைந்துவிட்டால், லாக்புக்கில் உள்ள முகவரியில்தான் வண்டியைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கிலோ சூப்பர் மார்க்கெட் வாசலிலோ அல்ல. லாக்புக் உரிமைச் சான்று அல்ல, பதிவுச் சான்று மட்டுமே, ஆகவே பணம் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது தனியாக வாங்குங்கள். பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி உங்களுக்கு வராது. லாக்புக்கிலிருந்து அவர் கிழித்துத் தரும் பச்சைச் சீட்டில் 12 இலக்க எண் இருக்கும். அங்கேயே கைபேசியில் அந்த எண்ணைப் போட்டு வரி கட்டி, இன்ஷூரன்ஸ் அந்த நிமிடத்திலிருந்து தொடங்கியதா என்று பார்த்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.