கணினி கேள்வி பதில்: ஆன்டிவைரஸிடம் எதற்கு விலக்குக் கேட்கலாம்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மனு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் 2006-இல் சிடியாக வாங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில்தான் அடிக்கிறேன். புதிய கணினி வாங்கி விண்டோஸ் 11-க்கு மாறியதிலிருந்து, அதன் ஃபைலை வைரஸ் என்று சொல்லி விண்டோஸே தூக்கிவிடுகிறது. ஆன்டிவைரஸை நிறுத்திவிடச் சொல்கிறார் ஒருவர். சி டிரைவ் முழுவதற்கும் விலக்குக் கொடுக்கச் சொல்கிறார் இன்னொருவர். முகூர்த்த மாதம் நெருங்குகிறது. என்ன செய்வது ஐயா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். விலக்கு என்றால், ‘இதைச் சோதிக்காதே’ என்று ஆன்டிவைரஸிடம் சொல்லிவைப்பது. உங்கள் கடைக்கு நாள் முழுக்க வெளியார் பென் டிரைவ் வருகிறது. பயோடேட்டா, போட்டோ, பத்திர நகல் என்று ஆளுக்கொன்றை நீட்டுகிறார்கள். அதில் பாதி, நான்கு கடைகளில் செருகிவிட்டு வந்ததாக இருக்கும். காவல் இல்லாத கணினி அங்கே ஒரு வாரம்கூடத் தாங்காது.

முதலில், அந்த மென்பொருள் ஏன் சந்தேகத்துக்கு ஆளாகிறது என்று பார்ப்போம். நீங்கள் அழுத்தும் ஆங்கில விசையை இடைமறித்து, அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்தை எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. கடவுச்சொல்லைத் திருடும் கீலாகர் வகை நிரல்களும் விசைகளை அதே இடத்தில் நின்றுதான் பிடிக்கின்றன. ஒன்று எழுதித் தருகிறது, மற்றது திருடிக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து பார்க்கும் ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒரே சாயலில் தெரியலாம்.

அதற்காக, இது பொய் எச்சரிக்கை என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் இதே புகாருடன் புதுச்சேரியில் உள்ள என் கடைக்கு வந்தார். அவர் வைத்திருந்தது நண்பரின் பென் டிரைவிலிருந்து எடுத்த நகல். பழைய சிடியைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். இரண்டிலும் இருந்த செட்டப் ஃபைல்மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அளவைப் பைட் கணக்கில் ஒப்பிட்டோம். ஃபைலின் பெயரும் படமும் ஒன்றுதான். ஆனால் பென் டிரைவிலிருந்து வந்தது பல ஆயிரம் பைட் பெருத்திருந்தது. 2003-இலிருந்து சுற்றிவரும் சாலிட்டி போன்ற வைரஸ்கள் இப்படித்தான் நல்ல நிரலின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அன்று ஆன்டிவைரஸ் சொன்னதுதான் சரி. அந்த நகலுக்கு அவர் விலக்குக் கொடுத்திருந்தால், கடையின் மற்ற நிரல்களும் ஒவ்வொன்றாகக் கெட்டிருக்கும்.

ஆகவே சிடியிலிருந்தே புதிதாக நிறுவுங்கள். சிடியில் இருக்கும் செட்டப் ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012-இல் கூகுள் வாங்கிய தளம் அது. ஏறத்தாழ 70 ஆன்டிவைரஸ்களின் கருத்தை ஒரே பக்கத்தில் காட்டும். ஓரிரண்டு மட்டும் ‘ஜெனரிக்’ என்று பொதுப்பெயர் சொன்னால் பெரும்பாலும் வெறும் சந்தேகம். பல நிறுவனங்கள் ஒரே வைரஸின் பெயரைச் சொன்னால் அந்த ஃபைலைக் கைவிடுங்கள். வாடிக்கையாளரின் பத்திரத்தையோ மனுவையோ மட்டும் அங்கே ஏற்றிவிடாதீர்கள். ஏற்றியது பிறர் கைக்குப் போகக்கூடிய தளம் அது.

சோதனையில் தேறினால் விலக்குக் கொடுக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போய், கீழே இறங்கினால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ இருக்கும். அதில் ஃபைல், ஃபோல்டர், ஃபைல் வகை, பிராசஸ் என்று நான்கு வழிகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது ஃபைல். ஃபோல்டருக்குக் கொடுத்தால் அதற்குள் இருக்கும் துணை ஃபோல்டர்களும், நாளை அங்கே வந்து சேர்வதும் சேர்த்தே விடுபடும். ஃபைல் வகையில் ‘இஎக்ஸ்இ’ என்று போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான நிரல் ஃபைல்களின் வகை அது. சி டிரைவைத் திறந்து வைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஃபைல் ஏற்கெனவே தூக்கப்பட்டிருந்தால், பட்டியலில் தேர்ந்தெடுக்க அது கண்ணில் படாது. எனவே அந்த மென்பொருளின் ஃபோல்டருக்குத் தற்காலிகமாக விலக்குக் கொடுங்கள். ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் ‘ரீஸ்டோர்’ அழுத்தி ஃபைலை மீட்டெடுங்கள். இப்போது அந்த ஒரு ஃபைலைச் சேர்த்துவிட்டு, ஃபோல்டர் விலக்கை நீக்கிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை மறப்பவர்கள்தான் அதிகம். ஹிஸ்டரியில் ‘அலவ்’ என்றும் ஒன்று இருக்கும். சுலபமாகத் தெரிந்தாலும் அதைத் தொடாதீர்கள். ஃபைலுக்கு அல்ல, அந்த வைரஸ் பெயருக்கே அனுமதி கொடுப்பது அது.

பென் டிரைவ் சாதாரணமாக எந்த எழுத்தில் வந்து நிற்கிறதோ, அந்த டிரைவுக்கு ஒருபோதும் விலக்குக் கொடுக்காதீர்கள். அதே ‘இ’ டிரைவாகத்தான் அடுத்தவருடைய பென் டிரைவும் வரும்.

கேள்வி: லாஸ்பேட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். சி மொழியில் நான் எழுதிய சின்ன நிரலைக் கம்பைல் செய்தால், உருவான ஃபைல் சில நேரம் மறைந்துவிடுகிறது. என் நிரல் வைரஸா?

பதில்: இல்லை அம்மா. உலகில் இதுவரை எவரும் பார்த்திராத, தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பமில்லாத புத்தம்புது ஃபைல் அது. அதனால்தான் ஆன்டிவைரஸ் சந்தேகப்படுகிறது. முந்தைய பதிலில் ஃபோல்டர் வேண்டாம் என்றேன். உங்கள் விஷயத்தில் ஃபோல்டர்தான் சரி, ஏனென்றால் ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் புது ஃபைல் பிறக்கிறது. பயிற்சிக்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். நீங்கள் எழுதியது மட்டுமே அதற்குள் இருக்கட்டும். தோழி அனுப்பிய ஜிப் ஃபைலை அங்கே வைத்துப் பிரிக்காதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு விலக்குக் கொடுக்கவே கூடாது. கெட்டது முதலில் வந்து இறங்கும் துறைமுகம் அதுதான்.

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் கணக்கு எழுதும் வேலை. டெஸ்க்டாப்பில் உள்ள கணக்கு ஃபோல்டருக்கு விண்டோஸில் விலக்குக் கொடுத்தும் பயனில்லை. அதிலிருந்து ஃபைல் தொடர்ந்து காணாமல் போகிறது.

பதில்: கணினியில் வேறு ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய ஒன்றை நிறுவினால் விண்டோஸின் சொந்தக் காவல் ஒதுங்கிக்கொள்ளும். அப்போது விலக்கை அந்த ஆன்டிவைரஸின் அமைப்புகளில்தான் கொடுக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், ஃபோல்டரின் பாதை, அதாவது கணினிக்குள் அது இருக்கும் முகவரி, மாறியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவின் பேக்கப்பை இயக்கியவர்களின் டெஸ்க்டாப், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் பெயர்ந்துவிடும். கண்ணுக்கு அதே டெஸ்க்டாப்தான் தெரியும். ஆனால் நீங்கள் கொடுத்த விலக்கு பழைய முகவரியைக் காத்துக்கொண்டிருக்கும். ஃபோல்டரை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் உள்ள இடத்தை விலக்குப் பட்டியலில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். புதிய பாதையைச் சேர்க்கும்போதே பழையதை நீக்கிவிடுங்கள்.