எட்டு மேசை ஆடினால் நான்கு மடங்கு லாபம் வருமா?

"இணையத்தில் போக்கர் சீட்டாட்டத்தை ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் ஆடி ஓரளவு லாபம் பார்க்கிறேன். எட்டு மேசைகளாக்கினால் லாபமும் நான்கு மடங்காகுமா?" என்று கோலாலம்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. இதே கணக்கைப் போட்டுக்கொண்டு எட்டு மேசைக்குப் போய்த் திரும்பியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு ஷிப்டுக்கு ஆறு இயந்திரங்கள் என் பொறுப்பு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் வேலை நாட்கள் குறைந்தன. கெலுகோர் அடுக்குமாடி வீட்டில் மடிக்கணினியின் முன்னால் பொழுது போனது. ஆறு இயந்திரங்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவனுக்கு ஏழெட்டு மேசைகள் பெரிய காரியமா என்று நினைத்தேன். பிழை அந்த நினைப்பில்தான் இருந்தது. அது புரிய எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

முதலில் நேரக் கணக்கு. ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஆறு பேர் அமரும் ஹோல்டெம் மேசையில், இணையத்தில் மணிக்குச் சுமார் 70 ஆட்டங்கள் நடக்கும். இரண்டு மேசையென்றால் 140; ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 25 விநாடி கிடைக்கும். எட்டு மேசையில் 560. ஆறரை விநாடிகூடக் கிடைக்காது. நிதானமாக ஆடுபவர் பத்தில் ஏழெட்டு ஆட்டங்களில் முதல் இரண்டு சீட்டைப் பார்த்ததுமே விலகிவிடுவார் என்பதால், தொடக்கத்தில் இது தாங்கக்கூடியதாகவே தெரியும். மூன்று மேசைகளில் ஒரே நேரத்தில் பெரிய பந்தயம் விழும்போதுதான் மூச்சு முட்டும்.

லாபத்தை, 100 ஆட்டங்களுக்கு எத்தனை பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் வைத்தாக வேண்டிய கட்டாயப் பந்தயம்) என்று அளப்பது வழக்கம். இரண்டு மேசையில் உங்களுக்கு 5 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 7 பெரிய பிளைண்ட். எட்டு மேசையிலும் அந்த 5 குறையாமல் நின்றால் 28 வரும். கவனம் சிதறி அது 2 ஆகிவிட்டால் மணிக்கு 11 தான். இன்னும் சரிந்து 100 ஆட்டத்துக்கு 1 இழக்கத் தொடங்கினால், மணிக்கு ஐந்தரை பிளைண்ட் கையை விட்டுப் போகும். நீங்கள் நன்றாக ஆடினாலும் மோசமாக ஆடினாலும், நடுவில் சேரும் தொகையில் தளம் எடுக்கும் பங்கு, பெரும்பாலும் 5 விழுக்காடு அளவில், எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ராண்டி லூ என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 2012இல் கின்னஸ் சாதனைக்காக 40 மேசைகளை ஒருசேர வைத்துக்கொண்டு, 8 மணி நேரத்தில் 23,493 ஆட்டங்கள் ஆடினார். லாபத்தோடு முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியில் மிஞ்சியது 7 டாலர் 65 சென்ட். அவருடைய கவனத்தின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. இருந்தாலும் அந்த 7 டாலரை நீங்கள் மறக்கக் கூடாது.

இனி என் பிழைக்கு வருகிறேன். தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்துக்கு நான் வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு எரியும். எரியாத இயந்திரத்தில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை. போக்கர் மேசையும் உங்கள் முறை வரும்போது ஒலியெழுப்பி அழைக்கிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த மேசை உங்களை அழைக்காத நேரத்தில்தான் நடக்கிறது. நீங்கள் விலகிய ஆட்டத்தில் யார் பொய்யாக உயர்த்தினார், யார் பலமான சீட்டை வைத்துக்கொண்டு பதுங்கினார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிப்படும். ஒரு நாள் மூன்றாம் மேசையில் ஒருவர் கடைசிச் சீட்டு விழுந்ததும் என் பந்தயத்தைத் திடீரென்று உயர்த்தினார். இரண்டு ஜோடி கையிலிருந்ததால் நான் ஈடுகொடுத்தேன். அவரிடம் ஃபிளஷ், அதாவது இரண்டு ஜோடியை வெல்லும் ஒரே சின்னத்துச் சீட்டுகள் ஐந்து, இருந்தது. பிறகு ஆட்டப் பதிவைத் திறந்து பார்த்தேன். சில நிமிடங்களுக்கு முன் அதே மேசையில், அதே முறையில், வேறொருவரை அவர் வீழ்த்தியிருந்தார். சீட்டுகள் எல்லார் பார்வைக்கும் திறந்து கிடந்தன. நான் அப்போது ஆறாம் மேசையில் இருந்தேன்.

வென்ற பணத்தை எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரியது. 40,000 ஆட்டங்கள் ஆடிய பிறகும், 100 ஆட்டத்துக்கு நான்கைந்து பிளைண்ட் வரை மேலோ கீழோ வெறும் தற்செயலாகவே நகரலாம். எனக்கு வழி காட்டியது என் தங்கை. பல்கலைக்கழகம் மூடியிருந்ததால் அவள் வீட்டில் இருந்தாள். பின்னால் வந்து உட்கார்ந்து, திடீரென்று ஒரு கோப்பால் திரையை மறைத்துவிட்டுக் கேட்பாள்: "அண்ணா, இரண்டாவது மேசையில் கடைசியாகப் பணம் எடுத்தது யார்? என்ன சீட்டு காட்டினார்?" இரண்டு மேசை திறந்திருந்தபோது எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நான்கில் ஒன்றிரண்டு தவறின. ஆறில் பாதிக்கு மேல் ஊகம். எட்டு மேசையில் மூன்று கேள்விக்கு மேல் அவள் கேட்கவில்லை, கோப்போடு எழுந்து போய்விட்டாள். அன்று இரவே நான்கு மேசைகளை மூடினேன்.

உங்களுக்கும் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன். ஒவ்வொரு மேசையாகக் கூட்டுங்கள். மேசைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் நடப்பதே தெரியாது. பக்கம் பக்கமாகப் பரப்பியே வையுங்கள், திரை கொள்ளாதபோது நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மலேசியாவில் பணம் வைத்து இணையத்தில் போக்கர் ஆட அனுமதி இல்லை. 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாத தளத்தில் போட்ட பணம் திரும்பி வராவிட்டால் நீங்கள் போய் முறையிட இடமில்லை. தெரிந்தே ஆடினேன், அது தவறுதான். 2021இல் கணக்கை மூடிவிட்டேன். இப்போது ஞாயிறு இரவுகளில் தங்கையும் இரண்டு நண்பர்களும் நானும் சாப்பாட்டு மேசையில் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். ஆட்டத்தின் நடுவே தங்கை சீட்டுகளைக் கையால் மூடிக்கொண்டு, போன ஆட்டத்தில் முதலில் உயர்த்தியது யார் என்று இன்னும் கேட்கிறாள்.