வாசல் கடக்காத சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய வேலையை விட்டபின் புதிய வேலையில் சேரும்வரை கழிந்த மூன்று வாரங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த நாட்களை 'லிமினல்' என்று சொல்லியிருந்தீர்கள். 'இடைநிலை' என்றே எழுதியிருக்கலாமே? திரிசங்கு நிலை என்றால் இன்னும் எளிதாகப் புரியும். இன்னொரு சந்தேகம். ஆளில்லாத தாழ்வாரங்களின் படங்களைக் காட்டி என் மகள் 'லிமினல் ஸ்பேஸ்' என்கிறாள். அதுவும் இதுவும் ஒரே சொல்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே சொல்தான், ஆனால் நிறைய ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

லத்தீனில் 'லிமென்' என்றால் வாசற்படி. நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'எலிமினேட்' அதன் பிள்ளைதான். படிக்கு வெளியே துரத்துவது என்று பொருள். 'ப்ரிலிமினரி' என்பது படிக்கு முன்னால் நடப்பது. 19ஆம் நூற்றாண்டு உளவியலாளர்கள், ஓர் ஒலியோ தொடுகையோ நம் உணர்வுக்குத் தட்டுப்படத் தொடங்கும் எல்லையை லிமென் என்றார்கள். அந்த எல்லைக்குக் கீழே நின்றுவிடுவது 'சப்லிமினல்'.

இன்றைய பொருளுக்கு வழி போட்டவர் மானிடவியலாளர் ஆர்னால்ட் வான் ஜெனெப். வாழ்க்கைச் சடங்குகளைப் பற்றி 1909இல் பிரெஞ்சில் எழுதிய நூலில், எந்தச் சடங்கிலும் மூன்று கட்டங்களைக் காணலாம் என்றார்: பழைய நிலையிலிருந்து பிரிவது, புதிய நிலையில் சேர்வது, நடுவில் அந்த வாசற்படி. அந்த நூல் 1960இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்புறம் விக்டர் டர்னர். ஆப்பிரிக்காவின் இண்டெம்பு மக்களின் சடங்குகளை ஆராய்ந்தவர். அவர் அந்த நடுக்கட்டத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே நிற்பவனுக்குப் பழைய பெயர் போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை. பதவி, தகுதி எதுவும் அங்கே செல்லாது. அதனாலேயே உடன் நிற்பவர்களிடையே ஒரு விசித்திரமான சமத்துவம் பிறக்கிறது என்றார்.

சரி, 'இடைநிலை' ஏன் போதாது? அந்தச் சொல்லில் நடு இருக்கிறது, நகர்வு இல்லை. இடைநிலைக் கல்வி என்கிறோம். அது ஒரு படித்தரம், வசதியாக உட்காரலாம். வெதுவெதுப்பான நீர் இடைநிலையில் இருக்கிறது, லிமினலாக இல்லை. ஒன்றை விட்டாகிவிட்டது, அடுத்ததைத் தொடவில்லை என்றால்தான் லிமினல். அந்த மூன்று வாரங்களில் ஒரு படிவத்தை நிரப்பினேன். 'தொழில்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். வேலை இல்லாதவன் என்றும் எழுத முடியாது, இருப்பவன் என்றும் எழுத முடியாது. (இலக்கணத்தில் 'செய்தான்' என்பதில் காலம் காட்டும் 'த்' மட்டும் இடைநிலை. அந்த ஓர் இடத்தில் இந்தச் சொல்லுக்குள்ளும் காலம் ஓடுகிறது, அது எனக்குப் பிடிக்கும்.)

திரிசங்கு வேறு கதை. அவன் மாட்டிக்கொண்டவன். அவனுக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது, அந்தரமே முகவரி. லிமினலில் இருப்பவனுக்கு எதிரே ஒரு கதவு உண்டு. 'இரண்டுங்கெட்டான்' ஏறக்குறையப் பொருந்தும், இரண்டுங்கெட்டான் வயது என்று சொல்லும்போது முழுக்கவே பொருந்தும். ஆனால் அதில் ஓர் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'படிநிலை' என்று புதிதாக ஆக்கலாம் என்றால், அதை மேல் கீழ் அடுக்குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

எனக்குத் தோன்றும் தமிழ்ச் சொல் இடைகழி. தெருவாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான வழி, பேச்சில் ரேழி. பொய்கையாழ்வார் தன் அந்தாதியில் இடைகழியில் நிற்கும் திருமாலை 'வாசல் கடைகழியா உள்புகா' என்கிறார். வெளியேயும் போகாமல், உள்ளேயும் புகாமல். லிமினலுக்கு இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. அந்த இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை இரவில் ஒதுங்கிய ஒருவர் அங்கே படுக்கலாம்; இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்காரலாம்; மூன்றாமவர் வந்ததும் மூவரும் நிற்க வேண்டியதுதான். முதலில் வந்தவர் என்ற உரிமையை யாரும் கோரவில்லை. டர்னர் பக்கம் பக்கமாகச் சொன்ன சமத்துவம் இந்த நெருக்கடியிலேயே நடந்துவிடுகிறது.

இனி உங்கள் மகள். தாழ்வாரம் கடந்துபோவதற்காகக் கட்டப்பட்டது. கடப்பவர்கள் இல்லாதபோதுதான் அதை ஓர் இடமாகவே பார்க்கிறோம், உடனே வயிற்றில் ஏதோ செய்கிறது. 2019இல் மஞ்சள் சுவர் கொண்ட காலி அறையின் படம் ஒன்று 'பேக்ரூம்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் பரவிய பிறகு இந்த ரசனை பெருகியது. மனிதரின் நிலையைக் குறித்த சொல் இடத்தின் மேல் ஏறிக்கொண்டது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாழடைந்த வீட்டையும் காலி மைதானத்தையும் லிமினல் என்பது வெறும் சோம்பல். காலியாக இருந்தால் மட்டும் போதாது, அது வழியாக இருக்க வேண்டும். மகளிடம் படிக்கட்டுகளைப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

கட்டுரையைத் திருத்திவிட்டேன். 'என் லிமினல் வாரங்கள்' இப்போது 'இடைகழியில் மூன்று வாரம்'. அதே கட்டுரையில் நடுத்தர வர்க்கத்தையும் ஓரிடத்தில் லிமினல் என்று எழுதியிருந்தேன், நீங்கள் கவனிக்கவில்லை போலும். அந்த வரியை எடுத்துவிட்டேன்.